சராசரிக்குக் காத்திருந்த தராசு

ஜோதிலட்சுமி சராசரி ஆன சங்கதி ஜோதிலட்சுமிக்கே தெரியாது. ஜீப்பில் வந்து இறங்கிய ஒருத்தி சொன்னபோதுதான் தெரிந்தது.

மதுராந்தகம் ஏரிப் பாசனம் போய்ச் சேரும் கடைசி ஊர்களில் ஒன்று அவளுடையது. அந்த ஊரின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்றால் பெரிய கட்டடமாக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு மின் தராசு, ஒரு தூற்றும் இயந்திரம், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் பட்டியல் எழுத்தர் கண்ணாயிரம். அவ்வளவுதான். நெல் கிடப்பதெல்லாம் வெட்டவெளியில். நவரைப் பருவ நெல்லை அறுத்தவர்கள் ஆளுக்கொரு குவியலாகக் கொட்டி, டோக்கன் வாங்கி, குவியலுக்குப் பக்கத்திலேயே குந்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் எடை போடுவார்கள். தாண்டினால் போட மாட்டார்கள். நனைந்த நெல் மூன்றாம் நாள் முளைவிடும். அதன் பிறகு அதைத் தீவனத்துக்கு வாங்கும் வாத்துக்காரன்கூட யோசித்துத்தான் வாங்குவான்.

ஜோதிலட்சுமியின் டோக்கன் நாற்பத்தொன்று. ஒன்பது நாளாகக் காத்திருக்கிறாள். புருஷன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். நிலம், நாற்று, உரம், அறுப்பு எல்லாம் அவள் பாடு. துணைக்குக் கொழுந்தன் மோகன். முந்தின நாள் பார்த்தபோது அவள் நெல்லின் ஈரம் பதினாறு. அன்று காலை முப்பத்தாறாம் டோக்கன் தமிழ்ச்செல்வியின் நெல் தராசில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்று வந்துவிடும். வந்துவிட்டால் நாலு மாசப் பாடு கரையேறிவிடும்.

அப்போதுதான் ஜீப் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் இறங்கினாள்.

"இங்க சராசரி யாரு?"

கண்ணாயிரம் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "அந்தப் பேர்ல யாரும் டோக்கன் வாங்கலையேம்மா."

"ஜோதிலட்சுமின்னு..."

"நான்தான். இன்னா மேடம், எதுனா தப்பு ஆயிடுச்சா?"

"தப்பே இல்லம்மா! நீங்கதான் மாவட்டத்தோட சராசரி உழவர். என் பேரு வைஷாலி. வட்டார வேறுபாட்டு நீக்க வாரியத்துலேருந்து வர்றேன்."

வாரியத்தின் முழுப்பெயர் அந்த ஜீப்பின் இரண்டு பக்கமும் எழுதியும் முடியாமல் பின்பக்கம் போய் முடிந்திருந்தது. ஒரு வட்டாரத்தில் நெல் அதிகம் விளைகிறது, இன்னொன்றில் குறைகிறது. ஓரிடத்து உழவன் கையில் காசு புரள்கிறது, இன்னோரிடத்தில் புரளவில்லை. இந்த வேறுபாடுகளை நீக்குவது வாரியத்தின் வேலை. போன போகத்தில் ஜோதிலட்சுமியின் கழனியில் அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து எடை பார்த்துக்கொண்டு போனார்கள் அல்லவா, அதன் முடிவு வந்திருக்கிறது.

"மாவட்ட சராசரி எவ்வளவோ, உங்க விளைச்சல் அவ்வளவு. ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லம்மா."

"அன்னிக்கு ஈரச் சாக்கோட சேத்துல்ல எட போட்டாங்க?" என்றான் மோகன்.

"சாக்கைக் கழிச்சா சராசரி வராதுங்க," என்றாள் வைஷாலி, அது போதாதா என்பதுபோல. "இன்னிக்கு மகாபலிபுரத்துல மாநாடு. நீங்கதான் மெயின். உடனே கிளம்பணும்."

"ஐயோ, இன்னிக்கு என் டோக்கன் வருது மேடம். மேக்கால பாருங்க, மழ வர்ற மாரி கீது."

"உங்க முறை போகக்கூடாது, அவ்வளவுதானே? போகாது. நான் பொறுப்பு."

கண்ணாயிரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "போய்ட்டு வாயேம்மா. மேலிடத்து ஆளுங்க. நீ போவலன்னா என் தலதான் உருளும்."

ஜோதிலட்சுமி யோசித்தாள். நாற்பது பேருக்கு ஒரே தராசு. இன்னொரு தராசு வேணும் என்று இந்த வாரியத்துத் தலைவரிடமே நேரில் கேட்டுவிட்டால்? "தார்பாய் பத்திரம் மோகன்," என்று சொல்லிவிட்டு, காலில் ஒட்டிய நெல் சுனையை உதறிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

மாநாடு கடலை ஒட்டிய ஒரு சொகுசு விடுதியில். வாசல் வளைவில் நாற்பதடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். வாரியத் தலைவர் பாலசுப்ரமணியன் அதில் இரண்டு கையிலும் நெற்கதிரை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லும் ஆள் பருமனுக்கு இருந்தது.

உள்ளே போனதும் அவள் கழுத்தில் 'மாவட்டச் சராசரி' என்று ஓர் அட்டையை மாட்டினார்கள். நாஸ்தா சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு இட்லி வந்தது. மூன்றாவதைப் பரிமாறுகிறவர் கத்தியால் நாலாக நறுக்கி, ஒரு துண்டை மட்டும் அவள் தட்டில் வைத்து, மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"இன்னாத்துக்குப்பா அத்த தூக்கிப் போட்ற?"

"சராசரி நாஸ்தா ரெண்டே கால் இட்லிம்மா," என்றாள் வைஷாலி. "சர்வேல வந்தது. கூடச் சாப்பிட்டா நீங்க சராசரி இல்லன்னு யாராவது கேள்வி எழுப்புவாங்க."

பக்கத்து மேசையில் வாரியத்தார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சராசரி கிடையாது.

மேடையில் மூன்று படி கட்டி வெல்வெட் விரித்திருந்தார்கள். நடுப்படி ஜோதிலட்சுமிக்கு. மேல்படியில் சரிகைச் சால்வையோடு ஒரு பெரியவர் நெளிந்துகொண்டு நின்றார். திருப்போரூர் நரசிம்மன், மாவட்டத்திலேயே அதிக வருவாய் ஈட்டிய உழவர். கீழ்ப்படி காலி.

"அண்ணாத்த, எவ்ளோ நெல்லு போட்டிருக்கீங்க?"

"நெல்லா? நெல்லத் தொட்டே எட்டு வருசம் ஆவுது தாயி. நாலு காணி இருந்துச்சி, வூட்டு மன போடறவனுக்குக் குடுத்துட்டேன். இப்ப அங்க மஞ்சக் கல்லா நட்டு வெச்சிகீறான்."

"அப்பறம் எப்டி மொத ஆளு?"

"நானும் அத்தான் கேட்டேன். இது வெவசாயம் இல்ல மேடம், வாணாம், பேஜாருன்னேன். நெலத்துலேந்து வந்த டப்புதானே, அப்ப அது விவசாய வருமானம்தான்னுட்டாங்க. பேரப் புள்ளைங்க இத்தப் பாத்தா வூட்ல சிரிப்பாங்க."

"கீழ்ப்படி ஆளு வரலியா?"

வைஷாலி குரலைத் தாழ்த்தினாள். "கடைசி இடத்துல இருக்கறவர் ராஜாராம்னு ஒருத்தர். மூணு வருஷம் தொடர்ந்து பயிர் போயி, இப்ப இந்த விடுதியிலதான் கேட்ல வாட்ச்மேன். ஆனா டூட்டி நேரத்துல வாட்ச்மேனை உள்ள விட மாட்டோம்னுட்டாங்க. ரூல் இருக்கு இல்லையா?"

பதினோரு மணிக்கு மோகனிடமிருந்து போன்.

"அண்ணி, தராசு நிக்கிது."

"கரன்ட்டு போயிடுச்சா?"

"கரன்ட்டெல்லாம் கீது. தமிழ்ச்செல்வி அக்கா நெல்லு மூணு சிப்பம், மூணே மூணு மூட்ட, ஏறிச்சி. அதோட நிறுத்திட்டாரு கண்ணாயிரம். ஒரு ஆர்டர் வந்துகீதாம். கேட்டா பேச மாட்டேன்றாரு."

கேட்பதற்குள் கைதட்டல் கிளம்பிவிட்டது. தலைவர் பாலசுப்ரமணியன் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் திரையில் மாவட்ட வரைபடம் விரிந்தது. மதுராந்தகம் நெல் விளைச்சலில் கரும்பச்சை, வருவாயில் சிவப்பு. திருப்போரூர் பக்கம் விளைச்சலில் சிவப்பு, வருவாயில் கரும்பச்சை.

"பெரியோர்களே! பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து நாங்கள் கண்ட உண்மையை முதன்முறையாக இங்கே வெளியிடுகிறேன். தானியம் குறையக் குறைய உழவன் வருவாய் ஏறுகிறது. தானியமே இல்லாத இடத்தில் வருவாய் உச்சத்தில் நிற்கிறது. அப்படியானால் மதுராந்தகத்து உழவரின் பிரச்சினை என்ன? தண்ணீரா? இல்லை. விலையா? இல்லை. நெல்! அவர்கள் நெல் விளைவிக்கிறார்கள். யார் சொல்லியும் கேட்பதில்லை."

அரங்கம் வருத்தத்தோடு தலையாட்டியது.

"ஒரே மாவட்டத்தில் இரண்டு நிறம் என்பது நமக்குத் தலைகுனிவு. அதனால் வாரியம் நேற்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. இன்று முதல் மாவட்டம் முழுவதும் ஒரே நிறம்!"

திரையில் வரைபடம் சட்டென்று மஞ்சளானது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினி நாளா இத்தப் பண்ணாம வுட்டுட்டாங்களே," என்றார் நரசிம்மன், உதட்டை அசைக்காமல்.

மறுபடி போன்.

"அண்ணி, விசயம் தெரிஞ்சி போச்சி. உன்னாலதான் நிறுத்தி வெச்சிகீறாங்களாம்!"

"என்னாலயா?"

"'சராசரி உழவர் திரும்பும் வரை எடை நிறுத்தி வைக்கவும்'. ஆர்டர கண்ணாயிரமே படிச்சிக் காட்டினாரு. அஞ்சு மணிக்குத் தலைவரு வந்து நீ எட போடறத போட்டோ புடிக்கப் போறாராம். இங்க எல்லாரும் என்ன அடிக்காத கொற. மேக்கால கும்முனு கீது அண்ணி."

ஜோதிலட்சுமி படியை விட்டு இறங்கி வைஷாலியின் கையைப் பிடித்தாள். "மேடம், தராச நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"உங்க முறை போகக்கூடாதுன்னு நீங்கதானேம்மா கேட்டீங்க? யாருக்குமே எடை போடலைன்னா உங்க முறை எப்படிப் போகும்?"

"நாப்பது பேரு நெல்லு வெட்ட வெளில கெடக்குது மேடம்! மழ வந்தா?"

"அது வானிலைத் துறைம்மா. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"ஒரு போனப் போட்டு அவுத்து வுடச் சொல்லுங்க. உங்க கால்ல வுழறேன்."

"ஆர்டர் தலைவர் கையெழுத்துல போயிருக்கு. அவர்தான் வாபஸ் வாங்கணும். அவர் மேடையில இருக்கறப்போ பேப்பர் நீட்ட முடியாது. நன்றியுரை முடியட்டும்."

"நன்றியுரை எப்ப?"

"லஞ்சுக்கு அப்புறம் குழு விவாதம், அதுக்கப்புறம் கலை நிகழ்ச்சி, அதுக்கப்புறம்."

ஜோதிலட்சுமி அதற்குமேல் நிற்கவில்லை. அவள் நேரே ஒலிவாங்கிக்குப் போனாள். சராசரி தானாக நடந்து வருவதைப் பார்த்துத் தலைவர் மகிழ்ந்து வழிவிட்டார்.

"ஐயா, தராச அவுத்து வுடச் சொல்லுங்க. அங்க மழ வருது. எங்க நெல்லு நனஞ்சா நாலு மாசம் மண்ணாப் பூடும். இன்னொரு தராசும் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"கேட்டீர்களா!" என்றார் தலைவர். "எவ்வளவு எளிமை! எவ்வளவு வெள்ளந்தி! தாயே, இன்னொரு தராசு தருவது எனக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். இரண்டு தராசு வைத்தால் இரண்டுக்கும் இடையில் வேறுபாடு வரும். வேறுபாட்டை நீக்க அமைந்த வாரியமே வேறுபாட்டை உண்டாக்கலாமா?"

"கூடாது!" என்றது முன்வரிசை.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று அடித்தது. "ஆஹா, என்ன வெதர்!" என்று யாரோ சொல்ல, பாதி அரங்கம் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்கப் போய்விட்டது.

நரசிம்மன் சால்வையைக் கழற்றி வெல்வெட்டின் மேல் போட்டார். "வா தாயி. என் கார் வெளில நிக்கிது. இங்க உக்காந்துகினு இருந்தா அங்க நெல்லு அழுகிப் பூடும்."

கேட்டில் காவல் உடுப்போடு நின்றவரைப் பார்த்ததும் ஜோதிலட்சுமிக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதான ராஜாராம் அண்ணன்?"

"ஆமாம்மா. இன்னா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"உங்க படி காலியாவே கீதுண்ணா." அவள் அண்ணாந்து பேனரைப் பார்த்தாள். நாற்பதடி. கெட்டியான ஃப்ளெக்ஸ். தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. "அண்ணா, எங்க ஊர்ல நெல்லு நனையப் போவுது. எங்களாண்ட தார்பாய் பத்தல. அத்த அவுக்க முடியுமா?"

ராஜாராம் உள்பக்கம் ஒரு தரம் பார்த்தார். மூன்று வருஷம் நெல்லைப் பறிகொடுத்தவர். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்தார்.

"கேட்டத் தாண்டி எதுவும் போவாம பாக்கறதுதான் என் டூட்டி. இது கேட்டு மேலதான கீது. அண்ணாத்த, அந்த மூலைய இஸ்து புடிங்க."

மேல்படியும் நடுப்படியும் கீழ்ப்படியும் சேர்ந்து தலைவரைச் சுருட்டிக் காரின் மேல் கட்டின. அன்றைய மாநாட்டில் வேறுபாடில்லாமல் நடந்த வேலை அது ஒன்றுதான்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது முதல் தூறல். செங்கல்பட்டில் சாலையே தெரியவில்லை, இரண்டு மணி நேரம் வண்டிகள் ஊர்ந்தன. துடைப்பான் அடித்துக்கொண்டே இருந்தது. ஜோதிலட்சுமி போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தாள். மோகன் எடுக்கவில்லை. அவன் இரண்டு கையும் தார்பாய் மூலையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. முற்றம் குளமாகக் கிடந்தது. குவியல்களின் அடியில் தண்ணீர் புகுந்து நெல் வாய்க்காலாக ஓடியிருந்தது. அவித்ததுபோல ஒரு புழுக்க வாடை அதற்குள் கிளம்பியிருந்தது. காற்றில் தார்பாய் கிழிந்து மோகன் சகதியில் உட்கார்ந்திருந்தான். கொட்டகைக்குள் மின் தராசு மட்டும் ஒரு துளி படாமல் பளபளவென்று நின்றது.

"வந்துட்டாங்கப்பா சராசரி!" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் முகத்தில் வழிந்தது மழைத்தண்ணீர் மட்டுமில்லை. "உனக்காக மூணு சிப்பத்தோட நிறுத்தினாங்கடி. நாஸ்தா நல்லா இருந்துச்சா?"

"அக்கா, நான் சொல்லல. சத்தியமா நிறுத்தச் சொல்லல..."

"நீ சொல்லலன்னா என் நெல்லு காஞ்சிடுமா?"

ஜோதிலட்சுமி கண்ணாயிரத்திடம் திரும்பினாள். "இன்னா கீது ஈரம், மாய்ச்சரு?"

அவர் நோட்டை நீட்டினார். "எல்லாத்துக்கும் பாத்துட்டேம்மா. இருவத்தி நாலு. உனக்கும் இருவத்தி நாலு, அவங்களுக்கும் இருவத்தி நாலு. ஒரு புள்ளி ஏறல, எறங்கல. நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆர்டரு வந்தா நிறுத்தறேன், ஆர்டரு வந்தா போடறேன்."

மேற்கே இன்னொரு கருமேகம் ஏறிவந்துகொண்டிருந்தது. ஜோதிலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகினாள். "அண்ணாத்த, பேனர எறக்குங்க."

"உன் குவியல் எதும்மா?" என்றார் நரசிம்மன்.

"என்னுது அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல தமிழ்ச்செல்வி அக்காது. முறை அவங்களுதுதான்."

தமிழ்ச்செல்வி வந்து ஒரு மூலையைப் பிடித்தாள்.

சொன்னபடி ஐந்து மணிக்கு ஜீப்புகள் வந்தன. இந்த ஒரு நேரம் மட்டும் வாரியம் தவறவில்லை. தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சகதியில் இறங்கினார். பின்னால் கேமராக்காரர், அவருக்கு ஒரு குடை.

"முதலில் புள்ளிவிவரம்," என்று கண்ணாயிரத்தின் நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். மறுபடி முன்பக்கம் வந்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"வைஷாலி! இங்கே பாருங்கள். முப்பத்தாறு முதல் எழுபத்தைந்து வரை, நாற்பது உழவர்களுக்கும் இருபத்து நான்கு! ஒருவருக்கும் ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேறுபாடே இல்லை!"

"சார், இது மழை ஈரம்..."

"காரணம் முக்கியமில்லை அம்மா. பன்னிரண்டு ஆண்டில் நாம் எந்த வட்டாரத்திலும் எட்டாததை மதுராந்தகம் ஒரே மத்தியானத்தில் எட்டிவிட்டது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்."

குந்தியிருந்தவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். மழையில் பிடித்த சளி என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

"எங்கே நம் சராசரி? வாருங்கள் தாயே. ஒரு சிப்பத்தைத் தராசில் ஏற்றுங்கள்."

"எட போடறீங்களா சார்?" ஒரு நொடி அவள் குரலில் உயிர் வந்தது.

"இருபத்து நான்கை எப்படி எடுப்பது? விதி இருக்கிறதே. படத்துக்குத்தான். எடுத்ததும் இறக்கிவிடலாம்."

அதுவும் நடந்தது. லோடுமேன் இருவர் ஈரம் சொட்டும் சிப்பத்தைத் தூக்கி வைத்தார்கள். நாள் முழுக்கக் காத்திருந்த தராசு சிவப்பு எழுத்தில் எடையைக் காட்டியது. தலைவர் சிப்பத்தின் மேல் கைவைத்துச் சிரித்தார். ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை, சராசரி முகம் இப்படித்தான் இருக்கும் என்று கேமராக்காரர் விட்டுவிட்டார். சிப்பம் இறங்கியது.

அவள் கழுத்து அட்டையைக் கழற்றித் தராசின் மேல் வைத்தாள். தராசு பூஜ்யம் காட்டியது.

கிளம்பும்போதுதான் தலைவர் கண்ணில் அது பட்டது. தமிழ்ச்செல்வியின் குவியலின் மேல் நாற்பதடிக்கு அவரே மல்லாந்து கிடந்தார். நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். பல்வரிசைக்கு நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது.

"அது நம் பேனர் அல்லவா? நாளை நிறைவு விழாவுக்கு வேண்டுமே!"

அடுத்த தூறல் ஆரம்பித்துவிட்டது. காற்றில் பறக்கப் பார்த்த பேனர் ஓரத்தின் மேல் ஜோதிலட்சுமி காலை அழுத்தி வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மூணு நாள் கழிச்சி வந்து எடுத்துக்கோங்க சார். அடில மொளச்சிருக்கும்."

"முளைத்திருக்கும்!" தலைவர் நெகிழ்ந்துபோனார். ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தியதும் முதல் வேலையாக வைஷாலியிடம் சொன்னார்: "இதை எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. நாளை என் உரையை இதில்தான் முடிக்கப் போகிறேன்."